மாப்பிள்ளைக்கு ஏறிய எடை

பாகு முறுகும் வாசனை

பாகு கொஞ்சம் அதிகமாக முறுகிவிட்டால் போதும், எனக்கு இரும்பு ஞாபகம் வந்துவிடும். போன வாரம் எங்கள் ஆர்.எஸ்.புரம் தெருவில் யார் வீட்டிலோ கடலைமிட்டாய்க்கு வைத்த பாகைக் கருகவிட்டார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இனிப்பும் புகையுமாகத் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற அந்த வாசனை, என்னைப் பொறுத்தவரை சமையலறைக்குச் சொந்தமானதல்ல. இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிக்குச் சொந்தமானது.

பம்ப்பின் உடம்புக்குள் குழிவு விழ வேண்டுமானால், அச்சுக்குள் ஒரு மணல் உருவத்தை வைத்துத்தான் இரும்பை ஊற்ற வேண்டும். அந்த உருவத்துக்குக் கோர் என்று பெயர். மணல் உதிராமல் நிற்க அதில் மொலாசஸ் கலப்பார்கள், சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கரும்பாகு. உருகிய இரும்பு அதன்மேல் பாய்கிற நேரத்தில் ஷெட் முழுக்க வெல்லம் எரியும். முதல் நாள் அந்த வாசனைக்கு எனக்குப் பசித்தது. அந்த வருஷ முடிவில் அதே வாசனைக்குக் குமட்டியது. நடுவில் என்ன நடந்தது என்பதை, கையை வைத்துப் பிழைக்கப்போகிற இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்காக எழுதி வைக்கிறேன்.

நானும் பிசியோதெரபிஸ்ட்தான். விபத்தில் நசுங்கிய கைகளுக்கு மறுபடி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கருமத்தம்பட்டி பக்கம் ஒரு ஃபவுண்டரியில், வேலையாட்களின் கைப்பிடி பலத்தைச் சோதித்துச் சொல்ல வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறை வரும். டைனமோமீட்டர் என்ற கருவியை எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடியை அழுத்தினால் மேலே வட்டத்தில் முள் ஏறும், அவ்வளவுதான் அதன் வித்தை.

ஷெட் சூப்பர்வைசர் பழனிசாமி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஐம்பது தாண்டிய ஆள். பாதி விவசாயம், பாதி இரும்பு.

"ஏனுங்க அம்மணி, இது டயருக்குக் காத்துப் பாக்கறதுங்களா?"

"கைப்பிடி எவ்வளவுன்னு பாக்கறதுங்க."

"அதுக்கெதுக்குங்க மெஷினு? ஆளைப் பாத்தாத் தெரியாதுங்களா?"

ஜோடி

அவருக்குத் தெரியும் என்றுதான் அவர் நம்பினார். பொள்ளாச்சிச் சந்தையில் காளை பிடித்துப் பழகிய கண். அந்தக் கண்ணோடுதான் லேடிலுக்கும் ஆள் சேர்த்தார்.

லேடில் என்பது உருகிய இரும்பைச் சுமக்கிற சட்டி. நீளமான கம்பியின் நடுவே வளையம், வளையத்துக்குள் சட்டி. முன்முனையை ஒருவன் பிடிப்பான், பின்முனையை ஒருவன். பின்னால் இருப்பவனின் முனையில் இரட்டைப் பிடி இருக்கும். அச்சின் வாய்க்கு வந்ததும் அவன்தான் கம்பியைத் திருகிச் சட்டியைச் சாய்க்க வேண்டும், ஊற்றியதும் அவன்தான் நிமிர்த்த வேண்டும். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. முதுகுக்குப் பின்னால் நெருப்பு, நெருப்புக்குப் பின்னால் இன்னொருவனின் இரண்டு கைகள். அந்தக் கைகளை நம்பித்தான் அவன் நடக்கிறான்.

பழைய இரும்பு நிறுக்கிற தராசு கேட்டருகே கிடந்தது. அதில் ஆட்களை ஏற்றி நிறுத்தி, எடைக்கு எடை ஜோடி போடுவார் பழனிசாமி. "ஒண்ணு கனமும் ஒண்ணு நோஞ்சானுமா இருந்தா நுகத்தடி சாயுமுங்க அம்மணி. அதே கணக்குத்தானுங்க." கனத்தவனுக்குப் பிடி இருக்கும், பிடி இருப்பவனுக்குப் பின்முனை. இது அவர் சட்டம்.

அவர் சொன்னதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. பாதி உண்மை அதில் இருந்தது. இருபதுகளில் இருக்கிற பையன்களை வரிசையாக உட்கார வைத்து அழுத்தச் சொன்னால், பெரும்பாலும் கனத்த உடம்புக்காரன்தான் முள்ளை மேலே கொண்டுபோவான். உடம்பைச் சுமக்கிற சதை கைக்கும் சேர்த்துத்தானே வளர்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், தராசுக்குச் சதையும் கொழுப்பும் நீரும் ஒன்றுதான். எது ஏறினாலும் கிலோதான். கைக்கு அப்படியில்லை. ஊளைச்சதையால் ஒரு துணியைக்கூடப் பிழிய முடியாது.

இதைப் பழனிசாமியிடம் சொன்னேன். "அதெல்லாம் டவுன்காரங்களுக்குங்க. இங்க உண்டு கொழுக்கறவன் ஆருங்க?" என்றார்.

லேடில்காரர்களில் மூத்தவன் ரஃபீக். முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய கோயம்புத்தூர்க்காரன். தினமும் உக்கடத்தில் பஸ் ஏறி வருவான். முன்முனை அவனுடையது. வாய் சும்மா இருக்காது. மெஷினை அழுத்தும்போதுகூட, "மேடம், இதுல நூறு வந்தா பிரியாணி உண்டுங்களா?" என்பான்.

கோர் பகுதியில் கார்த்தி. இருபத்தாறோ இருபத்தேழோ. ஒல்லி. அப்பா இல்லை, அம்மா வீட்டிலேயே தறி ஓட்டுகிறார். முதல் சோதனையில் அவன் அழுத்தியபோது நானே முள்ளை இரண்டு தடவை பார்த்தேன். நாள் முழுக்க மணலை இறுக்குகிற கை. மெலிந்த மணிக்கட்டுக்குள் கம்பி முறுக்கியதுபோல ஒரு பிடி.

"நல்ல கை கார்த்தி" என்றேன்.

"கைய ஆருங்க பாக்கறாங்க?" என்றான். "போன ஞாயித்துக்கெழம பொண்ணூட்டுக்காரங்க வந்தாங்க. பையன் தறிக்குச்சியாட்ட இருக்கான், காத்தடிச்சா ஆரு புடிக்கறதுன்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாங்க."

பின்னால் நின்ற ரஃபீக் விடவில்லை. "கவலப்படாத மாப்ள, உன்னயக் கல்லக் கட்டி நிறுத்திருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்த்தியும் சிரித்தான். எங்கள் பக்கத்தில் இன்றைக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். தோட்டம் இருக்கிறவனுக்கே பெண் இல்லை. தறிக்காரி மகனுக்கு வரிசையில் கடைசி இடம். அந்த இடத்தையும் உடம்பு பறித்துக்கொண்டால் அவன் எங்கே போவான்?

ஊதிய முகம்

அடுத்த சோதனைக்கு அவன் வந்தபோது வேறு யாரோ என்று நினைத்தேன். கன்னம் இரண்டும் பளபளவென்று உப்பி, கண் உள்ளே போயிருந்தது. சட்டைப் பொத்தான் வயிற்றில் திணறியது.

"என்றா, மூஞ்சி பன்னாட்ட ஊதிப்போச்சு? கல்யாணத்துக்கு முன்னாடியே மாசமாயிட்டியா?" என்றான் ரஃபீக்.

"பொறாம ரஃபீக்ணா உங்களுக்கு."

பழனிசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க அம்மணி, பையன் எப்படித் தேறிட்டான்னு. பன்னெண்டு கிலோ ஏறிட்டானுங்க. லேடிலுக்கு மாத்திப்போட்டேன். ரஃபீக்குக்குப் பின்முனை." முகத்தில் காளை தேறிய விவசாயியின் நிறைவு.

கார்த்தியை உட்காரச் சொன்னேன். முழங்கையை மடக்கி, மூன்று தடவை அழுத்தினான். மூன்று தடவையும் முள் போன சோதனையில் ஏறிய இடத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"மெஷின் ரிப்பேருங்க மேடம்."

நானே அழுத்திக் காட்டினேன். என் கைக்கு முள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் முட்டியை ஊன்றி, கிழவனைப்போல எழுந்தான். முழங்கையில் இடித்த நினைவே இல்லாத நீலக் கன்றல்கள். சட்டையைத் தூக்கச் சொன்னேன். வயிற்றில் ஊதா நிறத்தில் வரிகள்.

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். "என்ன சாப்பிடறே?"

"சோறுதானுங்க."

"சோத்தோட?"

பர்ஸிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தான். "சத்து மாத்திரைங்க. மெடிக்கல்ல குடுத்தாங்க. எடை ஏறும்னாங்க. ஏறிருச்சு."

தினம் இரண்டு மாத்திரை. ஒன்று பசியைத் தூண்டுவது. இன்னொன்று ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டவுடன் கிடைக்கிறது, ஒல்லியான பையன்களும் பெண்களும் ரகசியமாக வாங்கிப் போகிறார்கள். அது முகத்தை ஊதவைக்கும், நீரைக் கட்டிவைக்கும், கொழுப்பைச் சேர்க்கும். அதே நேரத்தில் சதையை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். வெளியே ஆள் கூடிக்கொண்டே போவான், உள்ளே ஆள் குறைந்துகொண்டே போவான். தராசில் ஏறியதெல்லாம் கையிலிருந்து இறங்கியது.

"அப்ப இன்னைக்கே நிறுத்திப்போடறேனுங்க."

"திடீர்னு நிறுத்தக்கூடாது கார்த்தி. உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்." அங்கிருந்தே எனக்குத் தெரிந்த டாக்டருக்குப் போன் பண்ணினேன். மறுநாளே போய்ப் பார்த்தான். அவரும் அதையேதான் சொன்னார்: படிப்படியாகக் குறைக்கலாம், மாதங்கள் ஆகும், அதுவரை கனம் தூக்கக்கூடாது.

ஆனால் போனை வைத்த அந்த நிமிஷத்தில் கார்த்திக்கு மாத்திரை பெரிய விஷயமாகப் படவில்லை. வேறொன்றுதான் அவன் கண்ணில் நின்றது.

"லேடில விட்டு மட்டும் எறக்கிப்போடாதீங்க மேடம். இப்ப ஒரு எடம் வந்திருக்குங்க, பொள்ளாச்சிப் பக்கம். பொண்ணு போட்டோ பாத்து சரின்னு சொல்லிருச்சு. அவங்க தாய்மாமன் அடுத்த வெள்ளிக்கெழம இங்க விசாரிக்க வர்றாருங்க. பையன் லேடில்காரன், ஷெட்டுலயே கெத்தான வேலைன்னு தரகர் சொல்லி வெச்சிருக்காரு. இந்த ஒரு வாரம் ஃபிட்டுன்னு சொல்லிப்போடுங்க. காலத்துக்கும் மறக்கமாட்டேன்."

"முடியாது கார்த்தி."

"அப்பக் காரணத்தையாவது ஆருகிட்டயும் சொல்லாதீங்க. மாத்திர போட்டு உப்புனவன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?"

அதற்குத் தலையாட்டினேன். நோயாளியின் ரகசியம் அவனுடையது. பழனிசாமியிடம் போய், கார்த்தி லேடில் பிடிக்கக்கூடாது, கையில் பலம் இல்லை, நான் சொல்லும்வரை கோருக்கே அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்றே மாற்றியும் விட்டார். மற்றவர்களிடம், "கை சுளுக்கிருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். கல்யாணம் பேசுகிற பையன், நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்கிற நல்ல மனசு. அந்த ஷெட்டில் அந்த வாரம் எல்லோரும் கார்த்திக்கு நல்லதைத்தான் செய்தோம்.

வெள்ளை வேட்டி

அந்த வெள்ளிக்கிழமை பெண்ணின் தாய்மாமன் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, தென்னந்தோப்புக்காரரின் நிதானமான நடை. ஆபீஸில் டீ கொடுத்தார்கள். அடுத்த அறையில் நான் வடக்கிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்குக் கை பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது நன்றாகவே கேட்டது.

"பையன் எப்படிங்க, வேலைக்காரனுங்களா?"

"அதக் கேக்கறீங்களா? நம்ம ஷெட்டுலயே லேடில் புடிக்கறவன் அஞ்சாறு பேருதானுங்க. அதுல இவன் ஒருத்தன்."

"பாக்கலாமுங்களா?"

பழனிசாமி டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அதுக்கென்னங்க. இப்ப ஊத்துவாங்க. வாங்க, நிழல்ல நின்னு பாக்கலாம்."

வீட்டுக்கு வந்தவர் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத ஊர் எங்களுடையது. வந்தவர் மனம் கோணக்கூடாது, பையன் தலை குனியக்கூடாது, ஒரே ஒரு சுற்றுத்தானே. அவர் மனதில் இவ்வளவுதான் ஓடியிருக்கும்.

இரும்பு உருகித் தயார் என்று பர்னஸ் மணி அடித்தது. வந்தவர் பார்க்கப்போவது கார்த்தி லேடில் பிடிப்பதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவியை அழுத்திக்கொண்டிருந்த வடக்கத்திப் பையன் கையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஷெட்டின் நடுவழியில் லேடில் வந்துகொண்டிருந்தது. முன்னால் ரஃபீக். பின்னால், ஊதிய முகம் நெருப்பு வெளிச்சத்தில் மினுமினுக்க, கார்த்தி.

ஃபவுண்டரியில் ஒரு விதி உண்டு. லேடில் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சுமக்கிறவனை யாரும் கூப்பிடக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது, கத்தக்கூடாது, எதிரில் போகக்கூடாது. திரும்பிப் பார்த்தால் சட்டி திரும்பும். முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி. என் வாய்க்குள் அவன் பெயர் வந்து, பல்லில் மோதி நின்றது. வெல்லம் எரிகிற வாசனை. மாமன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் அச்சில் சரியாக ஊற்றினார்கள். இரும்பு நிறைந்து மேலே ததும்பியது. கார்த்தி சட்டியை நிமிர்த்தத் திருகினான். பாதி நிமிர்ந்தது. அவன் கையுறைக்குள் விரல்கள் வழுக்குவதை என்னால் பார்க்க முடியவில்லை, ஆனால் அவன் தோள் முதலில் ஏறியதையும் பிறகு தொங்கியதையும் பார்த்தேன். இரட்டைப் பிடி அவன் கைக்குள்ளேயே சுழன்றது. சட்டி மறுபடி சாய்ந்து, இரும்பு ரஃபீக்கின் பக்கம் வழிந்தது.

ரஃபீக் தன் முனையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். போட்டிருந்தால் சட்டி முழுக்க ஈரத் தரையில் விழுந்து வெடித்துச் சிதறியிருக்கும். சுற்றிலும் ஆட்கள். அவன் போடவில்லை. இரும்பு அவன் இடது காலின் பூட்ஸுக்குள் இறங்க இறங்க, முனையை இறுகப் பிடித்துத் தாழ்த்தி, சட்டியைத் தரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் விழுந்தான். கத்தினானா என்று எனக்கு நினைவில்லை. கார்த்தி கத்தியது நினைவிருக்கிறது.

முதலில் ஓடிவந்தவர் அந்த மாமன்தான். பூட்ஸை அறுத்து எடுத்ததும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வேட்டியெல்லாம் கரிச்சேறு. வேனில் ரஃபீக்கை ஏற்றுகிறவரை தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் யாரிடமும் எதுவும் பேசாமல் காரில் ஏறிப் போனார். நாலைந்து நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள்.

இப்போது

இப்போது நான் எந்த ஷெட்டுக்குப் போனாலும் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவதில்லை. ஜோடியாகத்தான் உட்கார வைக்கிறேன். ஒருவன் அழுத்தும்போது மற்றவன் முள்ளைப் பார்க்க வேண்டும். காரணத்தை நான் சொல்வதில்லை. மாத்திரையோ, மனக்கவலையோ, காய்ச்சலோ, அது அவனவன் ரகசியம். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்பது, மறுமுனையைப் பிடிக்கப்போகிறவனுக்குச் சேர வேண்டிய செய்தி. பழனிசாமி தராசைக் கேட்டிலிருந்து எடுத்து, பழைய இரும்புக்கே அனுப்பிவிட்டார். என்னைப் பார்த்தால் இப்போதும் பேசுவார். கண்ணை மட்டும் பார்க்கமாட்டார்.

இளையவர்களே, எடை ஒரு சேதி. அவ்வளவுதான். மூன்று மாதத்தில் ஒரு பையன் மளமளவென்று ஏறினால் கைகொடுத்து வாழ்த்தாதீர்கள். அந்தக் கையை அழுத்திப் பாருங்கள்.

ரஃபீக்கின் பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். அது நடந்து சில நாளில், அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கார்த்தியை நான்தான் கூட்டிப்போனேன். தனியாகப் போக அவனுக்குத் தைரியமில்லை. மாத்திரை குறைந்துகொண்டிருந்தது, முகம் இன்னும் வற்றவில்லை. கட்டிலருகே நின்று தரையைப் பார்த்தான்.

"இன்னும் பன்னாட்டந்தான் இருக்கறே" என்றான் ரஃபீக். குரலில் பழைய கேலி இருந்தது, முகத்தில் இல்லை. கையை நீட்டினான். "புடி."

கார்த்தி பிடித்தான்.

"அமுக்கு."

அமுக்கினான். கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்ணா."

"அன்னைக்கும் இவ்வளவுதானா?"

கார்த்தி மறுபடி ஒருமுறை அமுக்கிப் பார்த்தான்.

"சுளுக்குன்னாங்கடா எங்கிட்ட. சுளுக்கு ஒரு வாரத்துல சரியாயிரும்னு நெனச்சு நானும் முன்ன நடந்தேன். எங்காதுல மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, இன்னைக்கு வேண்டாம் மாப்ள, நீ நில்லுன்னு சொல்லியிருப்பேன்ல? உம் பொண்ணூட்டுக்காரங்ககிட்ட நானா போய்ச் சொல்லப்போறேன்?"

கார்த்தி அவன் கையை விடாமல் அழுதான். ரஃபீக்தான் மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டான். அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு, கார்த்தி வேகமாக வெளியே போய்விட்டான். நானும் கிளம்ப எழுந்தேன்.

"மேடம்."

"சொல்லு ரஃபீக்."

"எனக்குப் பதிலா எந் தம்பிய எடுத்துக்கறேன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. திங்கக்கெழம வர்றான். ஆளு நல்லா கொழுகொழுன்னு இருப்பான். பழனிசாமி அண்ணன் பாத்ததும் லேடில்ல நிறுத்திருவாருங்க. மொதல்ல நீங்க அவன் கையப் பாத்துருங்க."